மூன்று வருடம் எந்த நாளிலிருந்து? குடியுரிமைக் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரை மணந்து சென்ற மகளோ மருமகனோ எப்போது தாமும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று கேட்பவை. ஆகவே அவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நாட்டையும் திகதிகளையும் விசாவின் வகையையும் எழுதாமல் பதில் கேட்பது சாதகக் குறிப்புத் தராமல் பலன் கேட்பதைப் போன்றது என்பதை இம்முறையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய்: என் மகளுக்கு 2022 ஆவணியில் மட்டக்களப்பில் பதிவுத் திருமணம் நடந்தது. மருமகன் பல வருடங்களாக அமெரிக்கக் குடிமகன். மகள் 2024 பங்குனியில்தான் அங்கு போய்ச் சேர்ந்தார். கல்யாணமாகி மூன்று வருடம் கழிந்துவிட்டதால் இனி விண்ணப்பிக்கலாம்தானே?

விண்ணப்பிக்க முடியாது. கல்யாணத் திகதியிலிருந்து எண்ணும் வழக்கத்தைத் தயவுசெய்து எல்லோரும் கைவிடுங்கள். சட்டம் மூன்று வெவ்வேறு கணக்குகளைக் கேட்கிறது. விண்ணப்பிப்பவர் கிறீன் காட், அதாவது நிரந்தர வதிவுரிமை அட்டை, பெற்று மூன்று வருடம் அங்கே தொடர்ந்து வதிந்திருக்க வேண்டும். கணவர் அந்த மூன்று வருடமும் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். இருவரும் அந்த மூன்று வருடமும் கணவன் மனைவியாகக் கூடி வாழ்ந்திருக்க வேண்டும். இவற்றோடு, மூன்று வருடத்தில் பாதியளவு, அதாவது 18 மாதம், அவர் உடலளவில் அந்நாட்டில் இருந்திருப்பதும், விண்ணப்பிக்கும் மாநிலத்தில் கடைசி மூன்று மாதம் வசித்திருப்பதும் அவசியம்.

உங்கள் மகளின் கணக்கு 2024 பங்குனியில் தொடங்குகிறது. மூன்று வருடம் நிறைவதற்கு 90 நாள் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தச் சலுகை வதிவிடக் காலத்துக்கு மட்டுமே உரியது. கூடி வாழ்ந்த காலம் விண்ணப்பிக்கும் நாளன்று முழுமையாக மூன்று வருடமாக இருக்க வேண்டும். அவர்கள் ஒன்றாக வாழத் தொடங்கியதே அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் என்றால், 2027 பங்குனி கடந்த பின்னரே குடியுரிமை விண்ணப்பமான என்-400 படிவத்தை அனுப்பச் சொல்லுங்கள். முந்தி அனுப்பி நிராகரிக்கப்பட்டால் 700 டொலருக்கு மேற்பட்ட கட்டணம் திரும்பக் கிடைக்காது.

கல்முனையிலிருந்து ஒருவர்: மனைவிக்கு கிறீன் காட் கிடைத்து மூன்று வருடம் முடிந்துவிட்டது. எனக்குக் குடியுரிமை கிடைத்தது சென்ற வருடம்தான். அவர் விண்ணப்பிக்கலாமா?

மூன்று வருட வழியில் விண்ணப்பிக்க முடியாது, ஏனெனில் நீங்கள் குடிமகனாகி மூன்று வருடம் ஆகவில்லை. கிறீன் காட் பெற்ற எவருக்கும் உள்ள பொதுவான ஐந்து வருடக் கணக்கு அவருக்குப் பெரும்பாலும் அதற்கு முன்பே நிறைந்துவிடும் என்பதால், அந்த வழியில் போவதே உங்களுக்கு விரைவானதாக இருக்கும்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகி: எனக்குக் கிடைத்தது இரண்டு வருட கிறீன் காட். அந்தக் காலம் கணக்கில் சேருமா?

முழுவதும் சேரும். திருமணமாகி இரண்டு வருடம் நிறையுமுன் வதிவுரிமை பெறுபவர்களுக்கு அந்த நிபந்தனை அட்டைதான் கிடைக்கும். களுவாஞ்சிகுடித் தாயின் மகளுக்கும் அதுவே கிடைத்திருக்கும். ஆனால் அட்டை காலாவதியாவதற்கு முந்திய 90 நாளுக்குள் அந்த நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 படிவத்தை இருவரும் கையெழுத்திட்டு அனுப்பியாக வேண்டும். அதைத் தவறவிட்டவருக்குக் குடியுரிமையைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆரையம்பதியிலிருந்து ஒரு தந்தை: அமெரிக்காவிலுள்ள மகளுக்கு இது தலைப்பிரசவம். ஏழாம் மாதத்தில் வந்து, பிள்ளைக்குப் பல்லுக்கொழுக்கட்டை அவித்த பிறகு திரும்பிப் போகட்டும் என்று தாயார் விரும்புகிறார். இடையில் ஒருமுறை சென்னைக்குப் போய்வந்தால், வெளியில் நிற்கக்கூடிய ஆறு மாதக் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று ஏஜென்சிக்காரர் சொல்கிறார். சரியா?

இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் எனக்கு வந்துகொண்டேயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதற்குப் பின்னால் ஒரு ஏஜென்சிக்காரர் இருக்கிறார். சென்னையோ சிங்கப்பூரோ அமெரிக்காவில் இல்லை. அமெரிக்காவை விட்டுப் புறப்பட்ட நாளிலிருந்து மீண்டும் அந்நாட்டுக்குள் நுழையும் நாள்வரைக்கும் இடையில் எத்தனை நாட்டுக்குப் போனாலும் அது ஒரே பயணம்.

உங்கள் திட்டத்தை நானே எண்ணிப் பார்க்கிறேன். ஏழாம் மாதத்தில் வந்தால் பிரசவத்துக்கு முன் இரண்டு மாதத்துக்கு மேல் போய்விடும்; பல் முளைக்க இன்னும் ஆறேழு மாதம். ஆக ஒன்பது மாதம். ஆறு மாதத்தைத் தாண்டி ஒரு வருடத்துக்குட்பட்டு வெளியில் இருந்தவருடைய தொடர் வதிவு முறிந்துவிட்டது என்றே அதிகாரி எடுத்துக்கொள்வார். முறியவில்லை என்று காட்டும் பொறுப்பு உங்கள் மகளுடையது: வேலையை விடவில்லை, வீட்டு வாடகை தொடர்ந்து கட்டப்பட்டது, கணவர் அங்கேயே இருந்தார் என்பவற்றுக்கெல்லாம் பத்திரம் காட்ட வேண்டும். ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகிவிட்டால் விளக்கத்துக்கே இடமில்லை. கணக்கு முறியும், திரும்பிச் சென்று இரண்டு வருடமும் ஒரு நாளும் கழிந்த பின்னரே இந்த வழியில் மீண்டும் விண்ணப்பிக்க முடியும். அந்த நிலையில் கிறீன் காட்டே கேள்விக்குள்ளாகும் என்பது வேறு.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஆறு மாதத்துக்குச் சில நாள் குறைய நின்று திரும்பிவிட்டால் எல்லாம் சரி என்று நம்பி, பிரசவத்துக்கு ஒரு தடவை, தங்கையின் கல்யாணத்துக்கு ஒரு தடவை, தகப்பனாரின் ஆண்டுத் திவசத்துக்கு ஒரு தடவை, பிறகு மாமாங்கத் திருவிழாவுக்கும் ஒரு தடவை வந்து மாதக்கணக்கில் தங்குபவர்கள். இவர்களுக்குத் தொடர்ச்சி முறியாமல் இருக்கலாம், ஆனால் 18 மாதக் கணக்கு இடிக்கும். தொடர் வதிவு ஒன்று, உடலளவில் இருந்த நாட்கள் மற்றொன்று. இரண்டும் தனித்தனியாக நிறைய வேண்டும். ஒரு நாளுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பயணத்திலும் புறப்பட்ட திகதியையும் திரும்பிய திகதியையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டும். நேர்முகத்தில் கடவுச்சீட்டின் முத்திரைகளோடு அவை ஒத்துப்பார்க்கப்படும். ஆகவே ஒரு கொப்பியில் திகதிகளை அன்றன்றே எழுதிவையுங்கள்.

பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வருவதை நான் குறைசொல்லவில்லை. காயம் அரைத்துக் கொடுத்துப் பத்தியம் பார்க்க அங்கே யார் இருக்கிறார்கள்? ஆனால் துடக்குக் கழித்து, பிள்ளையின் பாஸ்போட் கைக்கு வந்தவுடன் அனுப்பிவிடுங்கள். பிள்ளை பிறப்பதற்கு முன் தந்தை அமெரிக்காவில் ஐந்து வருடம், அதில் இரண்டு வருடமாவது 14 வயதுக்குப் பின், வாழ்ந்திருந்தால் பிள்ளை பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமகன். அதைக் கொழும்பிலுள்ள தூதரகத்தில் பதிய வேண்டும். அந்த வேலைக்கும் வாரங்கள் செல்லும் என்பதால் பிறப்புச் சான்றிதழைத் தாமதமின்றி எடுங்கள். பல்லுக்கொழுக்கட்டையை அங்கேயும் அவிக்கலாம்.

செங்கலடியிலிருந்து ஒருவர்: தம்பியின் மனைவி வெளிநாட்டில் இருக்கிறார். சிட்டிசன் எப்போது கிடைக்கும்?

வெளிநாடு என்று ஒரு நாடு இல்லை. கனடாவென்றால் கணவன் மனைவிக்கென்று குறுக்குவழி கிடையாது. எல்லோரையும் போலக் கடைசி ஐந்து வருடத்தில் 1,095 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். அவுஸ்திரேலியாவிலும் பொது விதிதான்: நான்கு வருட வதிவு, அதில் கடைசி ஒரு வருடம் நிரந்தர வதிவாளராக. சுவிஸில் சலுகை உண்டு: மொத்தம் ஐந்து வருட வதிவும் மூன்று வருட இல்வாழ்க்கையும் இருந்தால் இலகு முறையில் விண்ணப்பிக்கலாம். எந்த நாடென்று அடுத்த கடிதத்திலாவது எழுதுங்கள்.

கல்லடியிலிருந்து ஒரு வாசகர்: மருமகள் லண்டனுக்கு ஸ்பவுஸ் விசாவில் போய் மூன்று வருடமாகிறது. மகன் பிரித்தானியக் குடிமகன். மூன்று வருடச் சட்டம் அங்கும் உண்டென்கிறார்கள்.

உண்டு, ஆனால் விண்ணப்பிக்கும் நாளன்று நிரந்தர வதிவுரிமை கையில் இருக்க வேண்டும், அது அந்த விசாவில் பொதுவாக ஐந்து வருடத்துக்குப் பிறகே வரும். அது கிடைத்ததும் மற்றவர்களைப் போல இன்னொரு வருடம் காத்திராமல் உடனே விண்ணப்பிக்கலாம் என்பதுதான் அவருக்குள்ள நன்மை. மூன்று வருடத்தில் 270 நாளுக்கும் கடைசி வருடத்தில் 90 நாளுக்கும் மேல் வெளியில் நிற்கக் கூடாது. ஆரையம்பதிக்கு எழுதியதை நீங்களும் வாசியுங்கள்.

திருக்கோவிலிலிருந்து, பெயர் வேண்டாம்: விண்ணப்பம் போட்ட பிறகு விவாகரத்தானால்?

அமெரிக்காவில் சத்தியப்பிரமாணம் செய்யும் நாளுக்கு முன் திருமணம் முறிந்தாலோ கணவர் இறந்தாலோ மூன்று வருட வழி அடைபடும். ஐந்து வருட வழி திறந்தே இருக்கும். பிரிந்து வாழ்ந்துகொண்டு ஒரே முகவரியைப் படிவத்தில் எழுதாதீர்கள்; பொய் பிடிபட்டால் குடியுரிமை கிடைத்த பின்னரும் பறிக்கப்படலாம்.

மண்டூரிலிருந்து ஒரு தாய்: மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பதாகச் சொன்ன வீடு இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. அவர் அமெரிக்கக் குடியுரிமை எடுத்தால் எழுதிக் கொடுக்க முடியாது என்கிறார்கள்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். வேறொரு நாட்டின் குடியுரிமையைத் தானாக விரும்பிப் பெறுபவர், 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, இலங்கைப் பிரசாவுரிமையை இழக்கிறார். அதை வைத்துக்கொள்ள விரும்பினால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பிந்தினால் இரட்டைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுத்தாலும், நெருங்கிய உரித்தாளிக்கு நன்கொடையாகவோ மரணசாதனத்தாலோ கொடுப்பதை அந்தத் தடையிலிருந்து விலக்கியுள்ளது. ஆகவே மகளுக்கு நன்கொடை உறுதி எழுதலாம். அவர் பக்கத்து வளவை விலைக்கு வாங்க நினைத்தால்தான் சிக்கல். ஆனால் வீடு நிற்பது உறுதிக் காணியிலா பேர்மிட் (அரச அனுமதிப்பத்திர) காணியிலா என்று நீங்கள் எழுதவில்லை. பேர்மிட் என்றால் பிரதேச செயலாளரின் அனுமதியின்றி ஒன்றும் நகராது. பத்திரத்தின் பிரதியோடு மறுபடியும் எழுதுங்கள்.

வாழைச்சேனையிலிருந்து ஒரு மாணவி: என் அக்கா அமெரிக்கா போய் மூன்று வருடமாகிறது. அவர் குடியுரிமைப் பரீட்சையைத் தமிழில் எழுத முடியுமா?

முடியாது. ஆங்கிலத்தில் வாசிக்கவும் எழுதவும் பேசவும் தெரிந்திருக்க வேண்டும். வயதாலும் நீண்ட கால வதிவாலும் கிடைக்கும் விலக்கு, போய் மூன்று வருடமான உங்கள் அக்காவுக்குப் பொருந்தாது. 2025 ஐப்பசி (ஒக்டோபர்) 20 முதல் விண்ணப்பிப்பவர்களிடம் 128 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 20 வரை வாய்மொழியாகக் கேட்கிறார்கள். 12 சரியாக இருக்க வேண்டும்.