எக்ஸ்ரே சரி, ஆனால் கை மரத்துப்போகிறது

எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் அது மட்டும் போதாது. கீழே விழுந்த மறுநாள் ஆறு வயது மகனுக்குக் கை மரத்துப்போகிறது என்கிறீர்கள், தண்டுவடம் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றை) காயப்பட்டிருக்கலாம். இப்போதே ஆம்புலன்ஸை அழையுங்கள், மருத்துவரிடம் எம்ஆர்ஐ ஸ்கேன் பற்றிக் கேளுங்கள்.

எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். சிறு பிள்ளைகளுக்குத் தலை கனம், எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் இளக்கம். எலும்பு உடையாமலே முதுகெலும்பு இழுபட்டுப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தண்டுவடத்தால் அந்த அளவு நீள முடியாது, அதனால் அது காயப்படும். 1982இல் பாங், வில்பெர்கர் என்ற மருத்துவர்கள் எக்ஸ்ரேயில் தெரியாத இந்தக் காயத்துக்குத் தனிப் பெயரே வைத்தார்கள். அறிகுறிகள் சில நாள் கழித்தும் தோன்றலாம், அதனால் தாமதம் வேண்டாம்.

ஆம்புலன்ஸ் வரும்வரை, மகனைப் படுத்தபடியே உங்கள் விரலை இரு கைகளாலும் இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். விழுந்தபோது உடலில் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்ததா என்றும் கேளுங்கள். கழுத்தை மட்டும் திருப்பிப் பார்க்காதீர்கள்!

பிடி சரியாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். எம்ஆர்ஐயிலும் சில சமயம் ஒன்றும் தெரியாது. அப்போதும் மருத்துவமனையில் போட்ட கழுத்துப் பட்டையை நீங்களாகக் கழற்ற வேண்டாம்.