எதையும் தாங்கும் மரம்

ஐயா, நாங்கள் கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர்ப் பக்கம். ஊருக்கு மேலே புல்வெளி சும்மா கிடக்கிறது. நண்பர்கள் சேர்ந்து ஆயிரம் நாற்று நடப்போகிறோம். உறைபனி, வறட்சி, கஜா மாதிரிப் புயல் எல்லாவற்றையும் தாங்குகிற மரம் எது? யூகலிப்டஸும் வாட்டில் என்கிற சீமை மரமும் நன்றாகத் தாங்குகின்றனவே, அவற்றை ஏன் திட்டுகிறீர்கள்?

அன்புள்ள தம்பி,

நாலு இளைஞர்கள் மரம் நடக் கூடியதே சந்தோஷம். ஆனால் மேல்மலையில் பிறந்துவிட்டு, புல்வெளி சும்மா கிடக்கிறது என்று எழுத எப்படி மனம் வந்தது?

கஜாவை விடுங்கள். 2018இல் ஒருமுறை வந்த புயல் அது. உறைபனி வருஷா வருஷம் வருகிறது. ஜனவரியில் என் பாட்டி உருளைக்கிழங்குச் செடிகள்மேல் சாயங்காலமே சருகைப் பரப்பிவிடுவாள். ஏன் என்று கேட்டால், "செடி வானத்தப் பாக்கக் கூடாதுடா" என்பாள். அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் விஷயம் அதுதான். மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனம் கூடிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். விடிந்ததும் வெயில் சுள்ளென்று அடிக்க, வெட்டவெளியில் நிற்கும் சோலை மர நாற்றின் தளிர் கருகிப்போகும். (சோலை என்றால் மலைமடிப்புகளில் அடர்ந்து நிற்கும் நம் காடு.) அதே நாற்று சோலைக்குள் பிழைத்துக்கொள்கிறது. பெரிய மரங்களின் தழை தரைச்சூட்டை மேலே போக விடுவதில்லை. சோலை மரங்களுக்குக் கூட்டம்தான் பலம். அதைத் தனியாக வெளியில் நட்டுவிட்டு, தாங்குமா என்று கேட்கிறீர்கள்!

புல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை. மேலே காய்ந்தாலும் அடிக்குருத்து மண்ணோடு ஒட்டி உயிரோடிருக்கும், மழை விழுந்ததும் துளிர்த்துவிடும். அங்கே தனியாக நிற்கும் துணிச்சல் காட்டுப்பூவரசு என்கிற ரோடோடென்ட்ரான் மரத்துக்கு உண்டு. அதன் தடித்த பட்டை தீயைத் தாங்கும், தோல் போன்ற இலை பனியைத் தாங்கும்.

வாட்டில் தாங்குகிறது, சரி. தீயில் மரம் செத்தாலும், மண்ணில் வருஷக்கணக்காகக் கிடந்த விதைகள் அந்தச் சூட்டில் ஓடு வெடித்து மொத்தமாக முளைக்கும். அப்படித்தான் புல்வெளியை விழுங்குகிறது. (ஒரு வேடிக்கை: பழனி மலையில் பழைய வாட்டில் தோப்புகளுக்கடியில் சோலை நாற்றுகள் தாமாகவே வளர்கின்றன. அங்கே அவை வானம் பார்ப்பதில்லை.) யூகலிப்டஸ் பற்றி இன்னொரு நாள்.

புல்வெளியில் ஒரு குழிகூடத் தோண்டாதீர்கள். சோலை ஓரத்தில் மரம் விழுந்து திறந்த இடமிருந்தால், வனத்துறையிடம் கேட்டுவிட்டு அங்கே நடுங்கள். அப்புறம், ஆயிரம் வேண்டாம். நூறு போதும். பனிக்காலத்தில் தினமும் சாயங்காலம் மூடிவைக்க ஆள் வேண்டுமே.