உருவாக்கக் கருவிகளுக்குத் தானியங்கிப் பாதுகாப்புத் திருத்தங்கள் தேவையா?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஓர் இணையச் செயலியைப் பராமரிக்கிறோம். நாங்கள் பயன்படுத்தும் பிறரது தொகுப்புகளில் ஓட்டை தெரியவந்தால், கிட்ஹப்பின் டிபெண்டபாட் என்ற தானியங்கி அவற்றைப் புதுப்பிக்கும் புல் ரிக்வெஸ்ட்டுகளை (நிரல் மாற்ற முன்மொழிவுகளை) அனுப்புகிறது. அவற்றில் பெரும்பாலானவை லின்டர் (நிரலில் பிழை தேடுவது), டெஸ்ட் ரன்னர் (சோதனைகளை ஓட்டுவது), பண்ட்லர் (நிரல் கோப்புகளை ஒன்றாகக் கட்டுவது) போன்ற, பயனரிடம் போய்ச் சேராத கருவிகளைப் பற்றியவை. இவற்றைத் தானாகவே மெர்ஜ் ஆகும்படி (எங்கள் நிரலில் சேரும்படி) விட்டுவிடலாமா, அல்லது உருவாக்கத்தின்போது மட்டும் பயன்படும் டெவ் டிபெண்டென்சிதானே என்று ஒதுக்கிவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம் என்பதே என் கருத்து. பயனரிடம் போய்ச் சேராதது என்ற அளவுகோலை முதலில் கைவிடுங்கள். லின்டரும் பண்ட்லரும் உங்கள் கணினியில் உங்களுக்குள்ள அத்தனை உரிமைகளோடும் ஓடுகின்றன. சர்வர்களுக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் சாவி, கிளவுட் டோக்கன் (கடவுச்சொல் போன்ற அனுமதிச் சரம்), தொகுப்புகளை வெளியிடும் டோக்கன் என எல்லாமே அவற்றின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. 2018 ஜூலையில், ஈஎஸ்லின்ட் என்ற லின்டரைச் சேர்ந்த ஈஎஸ்லின்ட்-ஸ்கோப் தொகுப்பின் பராமரிப்பாளர் ஒருவரது கணக்கைக் கைப்பற்றியவர் வெளியிட்ட 3.7.2 பதிப்பு, தன்னை நிறுவிய கணினிகளிலிருந்து, ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மின் டோக்கன்களைத் திருடி அனுப்பியது. அதுவரை வழங்கப்பட்டிருந்த டோக்கன்கள் அனைத்தையும் என்பிஎம் ரத்து செய்ய நேர்ந்தது. அன்று பழைய பதிப்பிலேயே இருந்தவர்கள் தப்பினார்கள். புதியதை உடனே எடுத்துக்கொண்டவர்களே மாட்டிக்கொண்டார்கள். பழையதில் அறியப்பட்ட ஓட்டை, புதியதில் அறியப்படாத நஞ்சு என்று ஆபத்து இரு பக்கமும் இருப்பதால்தான் உங்கள் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற முடியவில்லை.

ஆகவே ஒவ்வோர் எச்சரிக்கை வரும்போதும், இந்தக் கருவி யார் தரும் உள்ளீட்டைப் படிக்கிறது என்று கேளுங்கள். டெஸ்ட் ரன்னருக்குள் எங்கோ ஆழத்தில் இருக்கும் ஒரு சிறு தொகுப்பு, விசித்திரமான சரம் ஒன்றைக் கொடுத்தால் நெடுநேரம் திணறும் என்று எச்சரிக்கை வரலாம். அந்தச் சரத்தைக் கொடுக்கக்கூடியவர் நீங்கள் மட்டுமே என்றால் அவசரம் எதுவும் இல்லை. ஈஎஸ்பில்ட் என்ற பண்ட்லரின் 0.25.0 பதிப்பில் சரிசெய்யப்பட்ட குறையோ வேறு வகையானது. அதற்கு முந்தைய பதிப்புகளில், நீங்கள் பிரவுசரில் திறந்து வைத்திருக்கும் எந்த இணையதளமும் உங்கள் கணினியில் ஓடும் டெவலப்மென்ட் சர்வருக்குக் கோரிக்கை அனுப்பி, அதன் பதிலைப் படித்துவிட முடிந்தது. உள்ளீடு வெளியாரிடமிருந்து வருகிறது என்பதால் இத்தகைய திருத்தத்தை அன்றே எடுத்துக்கொள்ள வேண்டும். எச்சரிக்கையோடு வரும் தீவிர மதிப்பெண் இந்த வேறுபாட்டைச் சொல்லாது; உங்கள் பயன்பாட்டை அறிந்தவர்தாம் சொல்ல முடியும்.

அடுத்து, பாதுகாப்புத் திருத்தங்களையும் சாதாரணப் பதிப்பு உயர்வுகளையும் தனித்தனியாக நடத்துங்கள்; சாதாரண உயர்வுகளுக்குச் சில நாள் காத்திருங்கள். 2025 செப்டம்பர் 8 அன்று சாக், டீபக் உள்ளிட்ட பெரும் பயன்பாட்டிலுள்ள தொகுப்புகளில் நஞ்சு கலந்த பதிப்புகள் வெளியாகி, சில மணி நேரத்திலேயே கண்டறியப்பட்டு நீக்கப்பட்டன. ஒரு வாரம் காத்திருக்கும் வழக்கம் இருந்தவர்களை அவை எட்டியே இருக்காது. டிபெண்டபாட் போன்ற ரெனோவேட்டிலும், தொகுப்புகளை நிறுவும் கருவியான பிஎன்பிஎம்மிலும் ஒரு பதிப்பு வெளியாகி இத்தனை காலம் கடந்த பின்பே எடுக்க வேண்டும் என்று அமைக்கலாம். டிபெண்டபாட்டிலும் அத்தகைய காத்திருப்பு உண்டு, அது பாதுகாப்புத் திருத்தங்களைத் தடுப்பதில்லை. காத்திருப்பு எல்லாவற்றையும் பிடித்துவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்: கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலில் 2024 பிப்ரவரியில் நுழைந்த பின்வாசல் (கள்ள நுழைவழி) மார்ச் இறுதியில்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

தானியங்கி மெர்ஜ் பற்றி விவாதிப்பவர்கள் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று எனக்கு மிகுந்த கவலை தருகிறது. புதிய பதிப்பின் நிரல் மெர்ஜ் ஆகும்போதுதான் முதன்முதலாக ஓடும் என்று எண்ணாதீர்கள். புல் ரிக்வெஸ்ட் திறந்து, சோதனைகள் தொடங்கிய கணமே அது, நிரலைக் கட்டமைத்துச் சோதிக்கும் உங்கள் பில்ட் சர்வரில் ஓடிவிடுகிறது. எனவே அந்தச் சோதனைகளுக்கு டோக்கன், சாவி போன்ற எந்த ரகசியமும் கிடைக்கக் கூடாது. கிட்ஹப்பின் தானியங்கிச் சோதனை வசதியான கிட்ஹப் ஆக்ஷன்ஸில் டிபெண்டபாட் தொடங்கும் ஓட்டங்களுக்கு வழக்கமான ரகசியங்கள் தரப்படுவதில்லை. வசதிக்காக யாரும் அந்தத் தடையைச் சுற்றிப் போக வழி செய்துவிடாதீர்கள். நிறுவும்போது தானாக ஓடும் ஸ்கிரிப்டுகளையும், உங்களுக்கு அவை தேவைப்படும் சில தொகுப்புகளைத் தவிர, முடக்கி வையுங்கள். இவற்றைச் செய்து முடித்த பிறகு, லாக் ஃபைலில் (நிறுவ வேண்டிய துல்லியமான பதிப்புகளைப் பதிந்து வைக்கும் கோப்பில்) மட்டும் மாற்றம் வரும் சிறு பாதுகாப்புத் திருத்தங்கள் சோதனைகளில் தேறினால் தானாக மெர்ஜ் ஆவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பண்ட்லரும் கம்பைலரும் மட்டும் விதிவிலக்கு. அவை உருவாக்கும் வெளியீடுதான் பயனரிடம் போகிறது என்பதால், ஒரு மனிதர் பார்த்த பின்பே அவற்றை ஏற்க வேண்டும்.

கேள்வி: எங்களிடம் இருநூறுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் தேங்கிவிட்டன. ஓட்டையுள்ள தொகுப்புகளைத் தானாகத் திருத்தும் ‘என்பிஎம் ஆடிட் ஃபிக்ஸ்’ கட்டளையை, ‘ஃபோர்ஸ்’ (கட்டாயம்) என்பதைச் சேர்த்து ஓட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். அது உங்களைக் கேட்காமலேயே, பழையதோடு பொருந்தாமல் போகக்கூடிய புதிய முதன்மைப் பதிப்புகளுக்குத் தாண்டிச் செல்லும்; சில வேளைகளில் பின்னோக்கியும் இறக்கிவிடும். முதலில் இப்போது யாரும் பயன்படுத்தாத கருவிகளை நீக்குங்கள். நான் பணியாற்றிய ஒரு குழுவில் கைவிடப்பட்ட ஒரே ஒரு பில்ட் கருவியை எடுத்ததும் எச்சரிக்கைகளில் பெரும்பகுதி மறைந்தது. எஞ்சியவற்றில், வலைப்பின்னலில் காதுகொடுத்துக் காத்திருக்கும் டெவலப்மென்ட் சர்வர்களையும் பில்ட் சர்வரில் ஓடுபவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனி கமிட் (மாற்றப் பதிவு) இடுங்கள். ஏதேனும் உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் திரும்பப் பெறலாம்.