திரை வந்தபின் யாரும் வேதாகமத்தைத் திறப்பதில்லை: பதில்

சகோதரரே, ஸ்தோத்திரம். புரொஜெக்டர் வைத்ததிலிருந்து சபையார் வேதாகமத்தையே திறப்பதில்லை, பிரசங்கம் முடிந்தால் படங்கள்தான் நினைவில் நிற்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். திரையைக் கழற்ற வேண்டாம். அதில் ஓடுவதைக் குறையுங்கள்.

முதலில் வசனம். முழுவதையும் திரையில் போட்டால் யார்தான் புத்தகத்தைப் புரட்டுவார்கள்? 'லூக்கா 15:11' என்று இடத்தை மட்டும் காட்டிவிட்டு, பக்கம் புரளும் சத்தம் அடங்கும்வரை போதகர் காத்திருக்கட்டும். புதிதாக வந்தவர்களுக்காக, வாசிக்கும்போது மட்டும் முழு வசனம் வரலாம். வாசித்து முடித்ததும் திரையைக் கறுப்பாக்கிவிடுங்கள். பவர்பாயிண்ட் ஓடும்போது ஆங்கில 'B' விசையை அழுத்தினால் போதும். மறுபடி அழுத்தினால் படம் திரும்ப வரும். முதல் வாரம் திரை பழுதாகிவிட்டது என்று நினைத்து யாராவது எழுந்து ஓடிவருவார்கள், பரவாயில்லை.

பாடல் வரிகளுக்குப் பின்னால் அசையும் படம் வேண்டவே வேண்டாம். ஒரே நிறப் பின்னணி, பெரிய எழுத்து. கடைசிச் சொல்லைப் பாடும்போதே அடுத்த வரி வந்துவிட வேண்டும். அதனால் கணினி தெரிந்தவரைவிட, பாட்டுத் தெரிந்தவரை அங்கே உட்கார வையுங்கள்.

அப்புறம் ஆராதனை நேரலைக்குப் புது கேமரா வாங்குவது பற்றிக் கேட்டீர்கள். இப்போதைக்கு வாங்காதீர்கள். நேரலையில் படம் மங்கலாக இருந்தாலும் கேட்பார்கள், பேச்சு எதிரொலித்தால் மூடிவிடுவார்கள். மைக்குகளின் ஒலியைச் சேர்க்கும் மிக்சரிலிருந்து நேரடியாக நேரலைக்கு ஒலி எடுத்துக் கொடுங்கள். சபையார் பாடுவதும் கேட்க, கூடத்தில் தனியாக ஒரு மைக் வையுங்கள்.