மரபணுவில் பிழையே இல்லாமல் ஒரு புரதம் பெருங்குடல் புற்றுநோய்க்குத் துணைபோகுமா?

போகும். ஆய்வகத்தில் சேரும்வரை நானும், புற்றுநோய் என்றால் டி.என்.ஏ.வில் எழுத்துப் பிழை, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தவன்தான்.

'குதிரை'யில் நடு எழுத்தை எடுத்தால் குரை. முதலெழுத்தை எடுத்தால் திரை. கடைசியை எடுத்தால் குதி. சின்ன வயதில் விடுகதையாகப் போட்டிருப்போம். செல்லும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது. மரபணுவிலிருந்து படியெடுத்த ஆர்.என்.ஏ.வில் இன்ட்ரான்கள் எனும் வேண்டாத துண்டுகளை வெட்டி எறிந்துவிட்டு எக்ஸான்கள் எனும் வேண்டிய துண்டுகளை ஒட்டுவது ஸ்ப்ளைசிங். 1977இல் இதைக் கண்டறிந்ததற்காக பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவருக்கும் 1993இல் நோபல் கிடைத்தது. எந்த எக்ஸானைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது செல்லுக்குச் செல் மாறும்.

பெருங்குடல் புற்றில் எனக்குப் பிடித்த உதாரணம் (பிடித்த என்று சொல்லக் கூடாதோ!) ராக்1. இந்தப் புரதம் ஒரு சுவிட்ச் மாதிரி. வேலை முடிந்ததும் அணைய வேண்டும். வழக்கமாக விட்டுவிடும் 3பி எக்ஸானும் சேர்ந்துகொண்டால் ஆர்.என்.ஏ.வில் 57 எழுத்துகள், புரதத்தில் 19 அமினோ அமிலங்கள் கூடுகின்றன. அவை போய் உட்காருவது சுவிட்ச் பகுதியை ஒட்டியே. அப்புறம் அது பெரும்பாலும் அணைவதே இல்லை. சாக வேண்டிய செல் தாக்குப்பிடிக்கிறது. ராக்1பி எனப்படும் இந்த வடிவம் பீராஃப் என்ற வேறொரு மரபணுவில் வி600ஈ எனும் பிறழ்வுள்ள கட்டிகளில் அதிகம் தென்படுகிறது. ஆனால் ராக்1 மரபணுவை எழுத்தெழுத்தாக வாசித்தாலும் பிழை அகப்படாது, ஆர்.என்.ஏ.வைப் பார்த்தால்தான் தெரியும். துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினால் வழக்கமான பட்டைக்குச் சற்று மேலே மங்கலாக இன்னொன்று. முதல்முறை அதைப் பார்த்து, மாதிரியில் ஏதோ கலந்துவிட்டது என்று தூக்கிப்போடப் போனேன்.

சரி, யார் இதைத் தீர்மானிப்பது? எஸ்.ஆர்.எஸ்.எஃப்.1 போன்ற ஸ்ப்ளைசிங் புரதங்கள். கட்டியில் இவற்றின் அளவு மாறினால் ஒரே சமயத்தில் பல மரபணுக்களின் வெட்டும் ஒட்டும் மாறிவிடும். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சிடி44 புரதத்தின் வி6 வடிவம் இன்னொரு உதாரணம். புற்று வேறு உறுப்புகளுக்குப் பரவுவதோடு தொடர்புடையது அது.

ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் இபுபுரூஃபன் என்ற வலி மருந்து ராக்1பி அளவைக் குறைத்திருக்கிறது. அதை நம்பி யாரும் மாத்திரை போட ஆரம்பிக்க வேண்டாம்.

இன்னொன்றையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பெருங்குடல் புற்று வரும் வாய்ப்பைக் கூட்டும், பரம்பரையாக வரும் லின்ச் நோய்க்குறியில், சில குடும்பங்களில் டி.என்.ஏ. பிழைகளைத் திருத்த உதவும் எம்.எல்.எச்.1 மரபணுவின் வெட்டும் இடத்திலேயே பிறழ்வு இருக்கும். அங்கேயும் கெடுவது ஸ்ப்ளைசிங்தான், ஆனால் பிழை டி.என்.ஏ.வில் இருப்பதால் மரபணுப் பரிசோதனையில் அதைப் பிடித்துவிடலாம்.