சுனாமியில போன அண்ணா யாருட பாவத்தையும் சுமக்கல்ல

தங்கச்சி, 2004 சுனாமியில மட்டக்களப்பு நாவலடியில உங்கட அண்ணாவை இழந்தீங்க. "அப்பாட பாவம் பிள்ளையில விழுந்தது" என்று ஜெபக்கூட்டத்தில ஒருத்தர், தகப்பன்மாருட அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில கடவுள் விசாரிப்பார் என்று சொல்ற யாத்திராகமம் 20:5ஐக் காட்டிச் சொன்னதா எழுதியிருந்தீங்க. வாசிக்கவே நெஞ்சு பதறிட்டு.

லூக்கா 13:4ஐ எடுத்துப் பாருங்க. சீலோவாமில கோபுரம் விழுந்து 18 பேர் செத்தாங்க. எருசலேமில இருந்த மற்ற எல்லாரையும் விட அவங்க குற்றவாளிகளோ என்று இயேசு கேட்டு, அப்படியில்லை என்று அவரே சொல்றார். பிறகு மனந்திரும்பச் சொல்றது உயிரோட நின்று கேட்டவங்களுக்கு. செத்தவங்களுக்கு அது தீர்ப்பில்லை. எசேக்கியேல் 18:20 இன்னும் நேரா, குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று சொல்லுது. ஒரு வசனத்தை மட்டும் பிடுங்கி ஆளை அடிக்கிறது வேதம் வாசிக்கிற முறையில்லை.

எங்கட அம்மம்மாட பைபிள் அண்டைக்குக் கல்லடியில கடல்தண்ணியில ஊறினது. காய்ஞ்ச பிறகு உப்பேறி ஒட்டிக் கிடந்த பக்கங்களைக் கத்திமுனையால ஒவ்வொண்டாப் பிரிச்சா. மாமாவைக் கடலுக்குக் குடுத்த மனுசி, அந்த 18 பேரைப் பற்றித்தான் அடிக்கடி வாசிக்கச் சொல்லுவா.

கூட்டத்தில வாதாடுறது பிறகு. முதல்ல இதை இண்டைக்கே அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுங்க, பக்கத்தில இருந்து.