138-ஐத் தாண்டிய 190

அன்புள்ள ஐயா,

பைப்பிங் டிசைன் வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. எங்கள் லைன் 200 டிகிரி செல்சியஸில் ஓடுவது, ஏ106 கிரேடு பி கார்பன் ஸ்டீல் குழாய். அதன் ஈல்டு (நிரந்தரமாக நெளியத் தொடங்கும் ஸ்ட்ரெஸ்) 240 மெகாபாஸ்கல். ஆலைக் குழாய்களுக்கான பி31.3 கோடு (விதித்தொகுப்பு) அட்டவணையில் அலவபிள் ஸ்ட்ரெஸ், அதாவது அனுமதிக்கும் ஸ்ட்ரெஸ், 138தான். ஏன் இவ்வளவு குறைவு? இன்னொரு குழப்பம்: ஸ்ட்ரெஸ் ரிப்போர்ட்டில் வெப்ப விரிவால் வரும் ஸ்ட்ரெஸ் 190 என்று இருக்கிறது, சாஃப்ட்வேர் பாஸ் போடுகிறது. சீனியரைக் கேட்டால் "கோடு அப்படித்தான்" என்கிறார்.

கார்த்திகா

அன்புள்ள கார்த்திகா,

உங்கள் சீனியர் சொன்னது தப்பில்லை. பாதியில் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

இந்த எண்கள் பிறந்தது பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) கணக்கில். அதிலேயே போட்டால் சுத்தமாக வரும். உங்கள் குழாயின் டென்சைல் (இழுத்தால் அறுந்துபோகும் ஸ்ட்ரெஸ்) 60,000, ஈல்டு 35,000. பி31.3 டென்சைலில் மூன்றில் ஒரு பங்கையும் ஈல்டில் மூன்றில் இரண்டு பங்கையும் எடுத்து, எது குறைவோ அதை வைத்துக்கொள்ளும். 20,000, 23,300. முதலாவது குறைவு, அதுதான் உங்கள் 138 மெகாபாஸ்கல். நீங்கள் ஈல்டோடு ஒப்பிட்டுக் குழம்பியிருக்கிறீர்கள், ஆனால் இங்கே முடிவு செய்தது டென்சைல்.

அதே அட்டவணையில் 304 ஸ்டெயின்லெஸ் குழாயைப் பாருங்கள். டென்சைல் 75,000, ஈல்டு 30,000. மூன்றில் ஒரு பங்கு 25,000. மூன்றில் இரண்டு பங்கு 20,000. இதற்கும் 138தான், ஆனால் இந்த முறை தீர்ப்பு சொன்னது ஈல்டு. இரண்டும் ஒரே உலோகம் மாதிரி நடந்துகொள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். சூடு ஏறினால் தெரியும். 427 டிகிரியில் கார்பன் ஸ்டீலின் அலவபிள் பாதியை ஒட்டி இறங்கிவிடுகிறது, ஏனென்றால் அங்கே க்ரீப் (சூட்டில் மெல்ல மெல்ல நீளுதல்) கணக்கும் சேர்ந்துகொள்கிறது. 304 அவ்வளவு சரிவதில்லை.

அலவபிள் ஸ்ட்ரெஸ் உலோகத்தின் குணம் இல்லை, ஒரு கோடு போட்டுக்கொண்ட உடன்பாடு. மின் நிலையக் குழாய்களுக்கான பி31.1 டென்சைலை 3.5-ஆல் வகுக்கும், அங்கே இதே குழாய்க்கு 118தான். இருபது மெகாபாஸ்கல் பெரிய விஷயமா என்றால், போட்டுப் பார்ப்போம். ஆறு அங்குலக் குழாய், வெளி விட்டம் 168.3 மிமீ, அழுத்தம் 50 பார், சீம்லெஸ் (தையல் இல்லாதது). பி31.3 சூத்திரத்தில் தேவைப்படும் தடிமன் 3.0 மிமீ. அரிப்புக்கு 3 மிமீ சேர்த்து, மில் டாலரன்ஸ் (தயாரிப்பில் தடிமன் குறையக்கூடிய அளவு) 12.5 சதவீதத்துக்காக 0.875-ஆல் வகுத்தால் 6.86. ஷெட்யூல் 40 என்ற நிலையான தடிமன் வகைக் குழாயின் தடிமன் 7.11, எனவே போதும். 118-ஐப் போட்டால் 7.44 வந்து நிற்கும். ஷெட்யூல் 40 போதாது.

138-ஐயே வைத்துக்கொண்டு சீம்லெஸுக்குப் பதிலாக ஈஆர்டபிள்யூ (நீளவாக்கில் பற்றவைத்த) குழாய் வாங்கினாலும் அதே கதிதான். தையலுக்கு 0.85 பெருக்க வேண்டும், 7.46 ஆகிவிடும். இதில் ஒரு பொறி உண்டு: பி31.3 அட்டவணையில் இந்த 0.85 சேராது, நாம்தான் பெருக்க வேண்டும். பி31.1 அட்டவணையில் சேர்த்தே அச்சிட்டிருப்பார்கள். ஒரு கோடுக்குப் பழகியவர் இன்னொன்றுக்கு மாறும்போது இரண்டு முறை பெருக்குவார், அல்லது பெருக்கவே மாட்டார்.

சரி, உங்கள் 190.

அழுத்தமும் எடையும் விடாமல் தள்ளுகிறவை. குழாய் கொஞ்சம் நெளிந்துகொடுத்தாலும் அவை நிற்பதில்லை, உடையும் வரை தள்ளும். அதனால்தான் அவற்றுக்கு 138 என்ற கடிவாளம். வெப்ப விரிவு அப்படி இல்லை. குழாய் நீள வேண்டியது இத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு கணக்கு உண்டு. எல்போவில் (வளைவுத் துண்டில்) ஓரிடம் லேசாக நெளிந்து அந்த நீளத்தை வாங்கிக்கொண்டால் விஷயம் அதோடு முடிந்தது. ஒரே முறையில் உடையாது. திரும்பத் திரும்பச் சூடாகி ஆறினால்தான் களைத்து விரிசல் விடும். அமெரிக்காவில் டியூப் டர்ன்ஸ் நிறுவனத்தில் மார்க்ல் என்ற பொறியாளர் எல்போக்களையும் டீ வடிவ இணைப்புகளையும் முன்னும் பின்னும் வளைத்து, கசியும் வரை எண்ணிப் பார்த்தார். 1952-இல் வெளியான அவருடைய கட்டுரையில்தான் இன்றைய கணக்கின் வேர் இருக்கிறது.

விரிவுக்கான வரம்பு இது: குளிர்நிலை அலவபிளில் 1.25 மடங்கு, சூட்டுநிலை அலவபிளில் 0.25 மடங்கு, இரண்டையும் கூட்டுங்கள். உங்கள் லைனுக்கு 200 டிகிரியிலும் 138தான் என்பதால் மொத்தம் 207. 190 அதற்குள் அடங்குகிறது.

ஆனால் அந்த 207-ஐ எஃப் என்ற ஒரு காரணி பெருக்குகிறது, சுழற்சிகள் கூடக் கூட அது குறையும். சுமார் 7,000 முறை சூடாகி ஆறும் வரை அது 1. தினம் ஒரு முறை என்றால் இருபது வருடத்துக்கு 7,300, ஏறக்குறைய அதே கணக்கு. உங்கள் லைன் ஒரு பேட்ச் ரியாக்டரோடு சேர்ந்தது, நாளைக்கு ஆறு முறை சூடாகிறது என்று வையுங்கள். இருபது வருடத்தில் 43,800 சுழற்சி. எஃப் 1-க்கு வெகு கீழே இறங்கும், வரம்பு 190-க்கும் கீழே போய்விடும், உங்கள் 190 ஃபெயில். சாஃப்ட்வேரில் எத்தனை சுழற்சி கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். யாரும் தொடாமல் டீஃபால்ட்டில் விட்டிருந்தால், ப்ராசஸ் ஆட்களிடம் போய் இந்த லைன் நாளைக்கு எத்தனை முறை சூடாகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.